40 நாளுக்கு முன்பே ஜோடி குறித்தாகிவிட்டதென்றால் தரகருக்குக் கூலி எதற்கு? யூத மரபின் ‘பஷெர்ட்’ பற்றி

நூலேணி (கேள்வி):

வணக்கம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் திருமண வழக்கங்கள் பற்றி ஒரு நீள்கட்டுரை எழுதுகிறேன். ‘பஷெர்ட்’ (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் ‘விதிக்கப்பட்டது’) என்ற இடத்தில் வந்து நிற்கிறது. எங்கே தேடினாலும் கிடைப்பது இரண்டு வரிதான்: கரு உருவாக 40 நாள் இருக்கும்போதே வானத்திலிருந்து ஒரு குரல் இன்னாருக்கு இன்னார் என்று அறிவித்துவிடுகிறது, அந்த இன்னாரைக் கண்டடைவதுதான் திருமணம். கடைசியில் ‘பிரிந்துபோன ஆன்மாவின் மறுபாதி’ என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிடுகிறார்கள்.

அதே சமூகத்தில்தான் கல்யாணத் தரகர் இருக்கிறார், அவருக்குக் கூலி இருக்கிறது, நிச்சய ஒப்பந்தம் இருக்கிறது, முறித்தால் அபராதம் இருக்கிறது, விவாகரத்துப் பத்திரமும் இருக்கிறது. எல்லாம் முன்கூட்டியே முடிவானதென்றால் இத்தனை ஏற்பாடு ஏன்? மூலநூல் உண்மையில் என்ன சொல்கிறது, சட்டம் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது, இன்றைக்கு வைதீகக் குடும்பங்களில் வரன் பார்க்கும்போது இந்த நம்பிக்கைக்கு என்ன இடம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ‘விதி வலியது’ வகைப் பதில்கள் வேண்டாம்.

மறைவாசி:

அந்த ஒற்றை வரியை மட்டும் பிய்த்தெடுத்துச் சுற்றுக்கு விட்டதால் வந்த குழப்பம் இது. அது இருக்கும் இடத்திலேயே வைத்துப் படித்தால், உங்கள் கேள்வியில் பாதியைத் தல்மூத்தே (ரப்பிகளின் சட்ட விவாதப் பெருநூல்) கேட்டிருப்பது தெரியும்.

இடம், பாபிலோனியத் தல்மூத், சோத்தா 2அ (2-ஆம் தாளின் முதல் பக்கம்; ‘ஆ’ என்றால் மறுபக்கம்). சோத்தா என்பது கணவனின் சந்தேகத்துக்கு ஆளான மனைவியைப் பற்றிய பகுதி. எண்ணாகமம் 5-இல் வருகிற கசப்பான தண்ணீர்ச் சோதனைக்கான சட்டம். தெய்வம் சேர்த்த ஜோடி என்ற பேச்சு அப்படி ஓர் இடத்தின் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறது. இதை யாரும் மேற்கோளோடு சேர்த்துச் சொல்வதில்லை.

முதலில் பேசுபவர் தல்மூத் ரப்பிகளில் ஒருவரான ரேஷ் லாகிஷ். ஒருவனுக்கு அவனுடைய செயல்களுக்குத் தக்கபடிதான் பெண் அமைகிறாள் என்கிறார். ஆதாரம் சங்கீதம் 125:3. அடுத்து ரப்பி யோஹனானின் கூற்று: ஜோடி சேர்ப்பது செங்கடலைப் பிளப்பதற்கு நிகரான கடினம். இதற்கு ஆதாரம் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்துகிறார் என்ற சங்கீத வசனம். தமிழ் வேதாகமத்தில் 68:6, எபிரேயத்தில் 68:7. எபிரேயத்தில் தலைப்பையும் ஒரு வசனமாக எண்ணுவதால் ஒன்று தள்ளும். கட்டுரையில் எண் தரும்போது எந்த எண்ணிக்கை என்று குறித்துவிடுங்கள்.

நம் 40 நாள் வரி வருவது இதற்குப் பிறகுதான், அதுவும் ஆட்சேபணையாக. என்ன கடினம்? கரு உருவாக 40 நாளுக்கு முன்பே ஒரு பத் கோல், அதாவது வானொலிப்பு, புறப்பட்டு ‘இன்னாரின் மகள் இன்னாருக்கு, இன்ன வீடு இன்னாருக்கு, இன்ன நிலம் இன்னாருக்கு’ என்று அறிவிக்கிறதே என்று ராவ் சொன்னதாக ராவ் யெஹூதா சொல்லியிருக்கிறாரே, அப்புறம் எப்படிக் கடினம் என்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. தல்மூத்தின் விடை சில சொல்தான்: அது முதல் ஜோடிக்கு, இது இரண்டாம் ஜோடிக்கு. குரல் சொல்வது முதல் ஜோடி. செயலுக்குத் தக்கபடி அமைவதும், கடல் பிளப்பது போலக் கடினமாவதும் இரண்டாவது.

ஆக, ஒரே பக்கத்தில் இரண்டு கொள்கை மோதி, ஒரு சமரசத்தில் நிற்கிறது. ‘யூத மதம் இப்படிச் சொல்கிறது’ என்று ஒரு பாதியை மட்டும் எழுதுவது ஒரு வழக்கில் வாதியின் மனுவை மட்டும் அச்சிடுவதாகும்.

வீடும் நிலமும் அந்த வரியிலேயே இருப்பதைக் கவனியுங்கள். ‘ஆத்ம துணை’ எழுதுபவர்கள் தவறாமல் வெட்டிவிடுவது இதைத்தான். குரல் குறித்துக் கொடுப்பது பெண்ணை மட்டுமல்ல, மனைக்கட்டையும் சேர்த்துத்தான்.

40 என்ற எண் எங்கிருந்து வந்தது? கரு 40 நாளில் உருக்கொள்கிறது, அதற்கு முன் அது வெறும் நீர் என்பது தல்மூத்தின் கணக்கு (யெவாமோத் 69ஆ). உருக்கொள்ளும் நாளிலிருந்து 40-ஐப் பின்னோக்கி எண்ணினால் ஏறக்குறைய கருத்தரிக்கும் நேரத்துக்கு வருகிறோம். ஆனால் பெராகோத் 60அ, கருத்தரித்து 3-ஆம் நாள் முதல் 40-ஆம் நாள் வரை ஆண் குழந்தை வேண்டிப் பிரார்த்திக்கலாம் என்கிறது. ஆணா பெண்ணா என்றே முடிவாகாதபோது யாருக்கு யாரைக் குறிப்பது என்ற இடறல் வெளிப்படையானது.

இன்னொரு இடம் மோஎத் காத்தான் 18ஆ. பண்டிகையின் இடைநாட்களில் திருமணம் செய்யக்கூடாது. ஆனால் பெண்ணை நிச்சயம் செய்துகொள்ளலாம், வேறொருவன் முந்திவிடக்கூடும் என்பதால் என்கிறார் ஷ்முவேல். உடனே ஆட்சேபணை: தினமும் குரல் இன்னாரின் மகள் இன்னாருக்கு என்று அறிவிப்பதாகச் சொன்னவரே நீங்கள்தானே, எவன் எப்படி முந்துவான்? விடை, பிரார்த்தனையால் முந்திவிடுவான் என்பது. அதாவது தீர்ப்பு மாறக்கூடியது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு பிரார்த்திக்கக் கிளம்பிவிடக்கூடாது என்றுதானோ என்னவோ, அடுத்தே ராவா (முன்பு வந்த ராவ் அல்ல, வேறொரு ரப்பி) வருகிறார். ஒருவன் ‘இந்தப் பெண் எனக்கே அமையட்டும்’ என்று வேண்டுவதைக் கேட்கிறார். அப்படிக் கேட்காதே, உனக்கு ஏற்றவள் என்றால் உன்னை விட்டுப் போகமாட்டாள், இல்லையென்றால் நீ கடவுளையே மறுதலிப்பாய் என்கிறார். பின்னால் ஒருநாள் அதே ஆள், ஒன்று நான் அவளுக்கு முன் சாகவேண்டும் அல்லது அவள் எனக்கு முன் சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். அப்போதே சொன்னேனே என்கிறார் ராவா. பெயர் குறித்துப் பிரார்த்திக்காமல் ‘ஏற்ற துணை’ என்று பொதுவாக வேண்டுங்கள் என்று இன்றும் ரப்பிகள் சொல்வதற்கு வேர் இந்தப் பக்கம்தான்.

தராசுமுள்:

மறைவாசி மூலத்தைச் சொல்லிவிட்டார். நான் சட்டப் பக்கத்துக்கு வருகிறேன்; உங்கள் ‘ஏன் இத்தனை ஏற்பாடு’ என்பதற்கு விடை இங்கேதான்.

யூதச் சட்டத்தில் அந்தக் குரலுக்குச் சாட்சி மதிப்பு கிடையாது. பாவா மெத்சியா 59ஆ-வில், ஓர் அடுப்பு தூய்மையா தீட்டா என்ற வழக்கில், வானத்துக் குரலே ரப்பி எலியேசர் பக்கம் பேசுகிறது. ரப்பி யெஹோஷுவா எழுந்து நின்று ‘அது வானத்தில் இல்லை’ என்று உபாகமம் 30:12-ஐச் சொல்லி அதைத் தள்ளிவிடுகிறார். அடுப்பு விஷயத்திலேயே எடுபடாத குரல் பெண் விஷயத்தில் எடுபடுமா?

நிலத்தை வைத்துப் பாருங்கள், பளிச்சென்று விளங்கும். குரல் எனக்குக் குறித்த நிலம் இது என்று சொல்லி எவனும் வேலி போட முடியாது. மிஷ்னா (தல்மூத்துக்கு அடிப்படையான சட்டத்தொகுப்பு) கித்துஷீன் 1:5-இன்படி நிலம் பணத்தாலோ பத்திரத்தாலோ அனுபோகத்தாலோதான் கை மாறும். அதே அதிகாரத்தின் முதல் வரி திருமணத்துக்கும் மூன்று வழி சொல்கிறது: பணம், பத்திரம், கூடல். நடைமுறையில் இன்று மோதிரம். குறைந்தது ஒரு பெருத்தா, அதாவது மிகச் சிறிய செப்புக்காசின் மதிப்பாவது இருக்கவேண்டும். தகுதியுள்ள இரண்டு சாட்சிகள் பார்க்கவேண்டும். பெண் சம்மதித்து ஏற்கவேண்டும். சாட்சியில் கோளாறு என்றால் எத்தனை ‘பஷெர்ட்’ ஜோடியானாலும் திருமணம் செல்லாது.

முதலில் பார்க்கவும் வேண்டும். கித்துஷீன் 41அ: பெண்ணைப் பார்க்காமல் நிச்சயம் செய்வது தடை, பிறகு வெறுக்கத்தக்க ஏதேனும் கண்ணில் பட்டு மனம் கசந்துவிடும் என்பதால். சிறுமியைத் தகப்பன் நிச்சயம் செய்துகொடுக்கக் கூடாது, அவள் வளர்ந்து ‘இவனைத்தான் வேண்டும்’ என்று சொல்லும்வரை காத்திருக்கவேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. (அஷ்கெனாசி, அதாவது ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா வழிவந்த யூதச் சமூகங்கள் இரண்டாவதைப் பல நூற்றாண்டுகள் காற்றில் விட்டன என்பது வேறு கதை.)

சட்டம் குறுக்கே நின்றால் விதி ஒதுங்கிக்கொள்ளும். கோஹேன், அதாவது ஆசாரியக் குலத்து ஆண் விவாகரத்தான பெண்ணை மணக்க முடியாது (லேவியராகமம் 21:7). இருவரும் ஒருவருக்கொருவர் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் வைதீக ரப்பி நடத்தி வைக்கமாட்டார். இஸ்ரேலில் ரப்பிமன்றம் பதிவும் செய்யாது.

இனி தரகர். ஷத்கன் என்பது மரியாதையான தொழில். 1427-இல் இறந்த மாய்ன்ஸ் நகரத்து ரப்பி யாக்கோப் மோலின், அஷ்கெனாசி வழக்கங்களுக்கே அதிகாரமாகக் கருதப்படுபவர், தரகுக் கூலியில்தான் ஜீவனம் நடத்தினார். 16-ஆம் நூற்றாண்டுக் கிராக்கோவ் ரப்பி மோஷே இஸ்ஸெர்லெஸ், ஷுல்ஹான் ஆரூக் என்ற யூதச் சட்டத்தொகுப்பின் ஹோஷென் மிஷ்பாத் பகுதி 185:10-இல் ஷத்கனை மற்றத் தரகர்களோடு ஒரே வரிசையில் வைக்கிறார். கூலி எப்போது? நிச்சயமானதும் கொடு என்கிறான் தரகன், கல்யாணம் முடியட்டும் என்கிறார்கள் வீட்டார். ஊர் வழக்கப்படி செய். வழக்கம் இல்லாத ஊரில் வீட்டார் பக்கமே சட்டம். தொடங்கி வைத்தவர் ஒருவர், நடுவில் பேசியவர் ஒருவர், முடித்தவர் ஒருவர் என்றால் பங்கு எப்படிப் பிரிப்பது என்பதற்கும் தனி விவாதங்கள் உண்டு. சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும்: பெயரை முதலில் சொன்னவர் நான், நீ வெறுமனே தொலைபேசியை எடுத்தாய் என்று.

பேச்சு முடிந்ததும் தெனாயிம் என்ற நிபந்தனைப் பத்திரம். வரதட்சணை எவ்வளவு, யார் எப்போது கொடுப்பது, துணிமணி யார் செலவு, கல்யாணம் எங்கே, எத்தனை காலம் பெண் வீட்டில் சாப்பாடு, முறித்தால் எவ்வளவு அபராதம் எல்லாம் அதில் வரும். அபராதம் வழக்கமாக வரதட்சணையில் பாதி. வாசித்து முடித்ததும் இரண்டு தாய்மார்களும் சேர்ந்து ஒரு தட்டை உடைப்பார்கள். மண் தட்டு அல்லது பீங்கான். கண்ணாடி கூடாது என்பார்கள், கண்ணாடியை உருக்கி மறுபடி வார்க்கலாம், சுட்ட மண்ணை ஒட்ட முடியாது. கல்யாணத்தில் மிதிப்பது கண்ணாடிக் குவளை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

இதே இஸ்ஸெர்லெஸ் அதே தொகுப்பின் எபென் ஹாஎஸெர் பகுதி 2:1-இல் ஒரு குட்டும் வைக்கிறார். பேசிய வரதட்சணை வரவில்லை என்பதற்காகப் பெண்ணைக் காக்கவைப்பவனும் சண்டை பிடிப்பவனும் உருப்படமாட்டான், மாமனார் மாமியார் கொடுப்பதை நல்ல கண்ணோடு வாங்கிக்கொள்ளவேண்டும் என்று. நம் ஊர்க்காரர்கள் சிலருக்கு இதை மொழிபெயர்த்து அனுப்பலாம்.

விவாகரத்துக்குக் கெத் என்ற பத்திரம்: கையால் 12 வரியில் எழுதி, இருவர் பெயரும் பட்டப்பெயர்கள் உட்படப் பிழையின்றிக் குறித்து, இரண்டு சாட்சிகள் முன் மனைவியின் கையில் சேர்க்கவேண்டும். கி.பி. 1000 வாக்கில் மாய்ன்ஸின் ரப்பேனு கெர்ஷோம் விதித்த தடைக்குப் பிறகு அஷ்கெனாசியரிடையே மனைவி சம்மதிக்காமல் கொடுக்க முடியாது. முதல் மனைவியைத் தள்ளுபவனுக்காகப் பலிபீடமே கண்ணீர் விடும் என்று கித்தீன் 90ஆ, மல்கியா 2-ஐ வைத்துச் சொல்கிறது. கண்ணீர் விடும், தடுக்காது. அதே குரல் குறித்த ஜோடிதானே என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் கெத்தை நிறுத்தியதில்லை.

நூலேணி:

இருவருக்கும் நன்றி. நிலம் பற்றிய வாதம் எனக்குப் புதிது. இரண்டு ஐயம். ஒன்று, ‘முதல் ஜோடி, இரண்டாம் ஜோடி’ என்பதை நேரடியாக எடுத்தால் கைம்பெண்ணும் மறுமணம் செய்பவரும் மாற்றுக் குறைந்தவர்கள் என்றாகிவிடாதா? இரண்டு, ஒரே ஆன்மாவின் இரு பாதி என்ற எண்ணம் நீங்கள் சொன்ன எந்தப் பக்கத்திலும் இல்லையே. அது எங்கிருந்து வந்தது?

பழஞ்சுவடி:

இரண்டு ஐயத்துக்கும் விடை கபாலாவில், அதாவது யூத மறைஞான மரபில், போய் முடியும். வழியில் சட்ட அறிஞரும் தத்துவஞானியுமான மைமோனிடஸ் நிற்கிறார், அவரைத் தாண்டாமல் போகக்கூடாது.

பாதி ஆன்மா வேறு, பாதி உடல் வேறு. ஆதியாகமத்துக்கான மித்ராஷ் (ரப்பிகளின் விளக்கவுரை) நூலான பெரேஷித் ரப்பா 8:1-இல் ஆதாமைப் பற்றி இரண்டு கருத்து உண்டு: ஆணும் பெண்ணுமாக ஓருருவில் படைக்கப்பட்டான், இரண்டு முகத்தோடு படைத்து, பிறகு அறுத்து, இருபுறமும் முதுகு கொடுத்தார். பிளேட்டோவின் விருந்துப் பேச்சில் அரிஸ்டோஃபனீஸ் சொல்லும் பிளந்த மனிதர்கள் கதைக்கு இது மிக நெருக்கம் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மித்ராஷ் பேசுவது ஆதாமைப் பற்றி மட்டும். உங்களுக்கும் எனக்கும் ஆளுக்கொரு மறுபாதி உலவுகிறது என்று அது சொல்லவில்லை.

அதைச் சொல்வது ஸோஹர், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஸ்தீலில் (ஸ்பெயின்) வெளிப்பட்ட கபாலா நூல். ஆன்மாக்கள் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே புறப்படுகின்றன, இறங்கும்போது பிரிகின்றன, எது எதனோடு சேரவேண்டும் என்று அறிந்தவர் அவர் ஒருவரே, எனவே சேர்ப்பவரும் அவரே. இங்கேயும் ‘செயலால் தகுதி பெற்றால்’ என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. இன்றைய வாழ்த்து அட்டைகளில் உதிர்ந்துபோனது அந்த நிபந்தனை மட்டும்தான்.

இரண்டாம் ஜோடி விஷயத்தை ஸஃபேத் நகரத்து இட்ஸ்ஹாக் லூரியா (1534–1572) தலைகீழாகத் திருப்பிப் போட்டார். அவர் சொன்னதை எழுதி வைத்தவர் சீடர் ஹயிம் வித்தால். முதல், இரண்டாவது என்பது கல்யாண எண்ணிக்கையே அல்ல, பிறவி எண்ணிக்கை என்றார். முதல்முறை உலகுக்கு வரும் ஆன்மாவுக்குத் துணை கூடவே பிறக்கிறது, சிரமமில்லாமல் கிடைக்கிறது. குறையைத் தீர்க்க மறுபடி பிறந்து வந்தவனுக்கு, அவன் பொருட்டு அவளையும் மீண்டும் பிறக்கச் செய்கிறார்கள்; எதிர்ப்புகள் எழும், தடைகள் வரும், கடல் பிளப்பதாக இருக்கும். இந்தக் கணக்கில் ஒருவனுடைய முதல் மனைவியே ‘இரண்டாம் ஜோடி’யாக இருக்கலாம், கைம்பெண்ணின் இரண்டாவது கணவனே உண்மையான முதல் ஜோடியாகவும் இருக்கலாம். உங்கள் முதல் ஐயம் இத்தோடு தீர்ந்தது. பதிலுக்கு, யாருக்கு எது எத்தனையாவது என்று எவராலும் அறிய முடியாமலும் போய்விட்டது. மறுபிறவி யூத மரபில் உண்டா என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை: கபாலாவில் உண்டு, கில்குல் என்று பெயர், எல்லோரும் ஏற்றுக்கொண்டதல்ல.

இப்போது மைமோனிடஸ் (இறப்பு 1204). ‘எட்டு அதிகாரங்கள்’ நூலின் கடைசி அதிகாரத்தில் விதிக்கொள்கையை நேராகவே அடிக்கிறார். இன்னாளை மணப்பது விதிக்கப்பட்டது என்று நினைப்பது பிழை. அவளை முறைப்படி மணந்தால் அது ஒரு கட்டளையை நிறைவேற்றுவது, கட்டளை நிறைவேற்றுவதைக் கடவுள் விதிப்பதில்லை. முறைகேடாக மணந்தால் அது பாவம், பாவத்தையும் கடவுள் விதிப்பதில்லை. அப்படியானால் சோத்தாவின் குரல்? மதம் மாறி வந்த ஓவதியாவுக்கு எழுதிய பதிலில் அதற்கும் வழி சொல்கிறார்: நற்செயலுக்குப் பரிசாக நல்ல துணை அமையும் என்பதே அதன் பொருள், பிறப்புக்கு முந்திய கட்டாயம் அல்ல. ரேஷ் லாகிஷின் கட்சிக்குள் ராவின் வரியை இழுத்துக்கொண்டுவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

என் கணிப்பில், 40 நாள் வரிக்கு மிக வலுவான எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை. யூதச் சட்டத்தையே தொகுத்தளித்த மனிதரிடமிருந்து வந்தது.

வடக்குவாசல்:

நடைமுறைக் கேள்விக்கு நான். வைதீகக் குடும்பங்களில் வரன் பார்ப்பது விசாரணையில் தொடங்கும். பையன், பெண் இருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு: பள்ளிகள், உடன்பிறந்தோர், சம்பந்தி வீடுகள், விசாரிக்க நாலைந்து பேரின் தொலைபேசி எண். தாய்மார்கள் அந்த எண்களை அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதற்கும் சட்டம் உண்டு. ஹாஃபெத்ஸ் ஹயிம் என்று அறியப்பட்ட ரப்பி (1838–1933) ஐந்து நிபந்தனை வைத்தார்: அவசரப்பட்டுக் குறை என்று முடிவுகட்டாதே, மிகைப்படுத்தாதே, நோக்கம் நன்மையாக மட்டும் இருக்கட்டும், சொல்லாமலே தவிர்க்க வழியிருந்தால் சொல்லாதே, சட்டப்படி சேரவேண்டியதைவிடப் பெரிய கேடு உன் சொல்லால் அவனுக்கு வரக்கூடாது. கடும் நோயை மறைப்பது தவறு. ‘கொஞ்சம் மந்தம்’ என்று போகிறபோக்கில் சொல்வதும் தவறு.

பிறகு சந்திப்பு. பக்தி இயக்கத்தவரான ஹசீதியரிடம் பெண் வீட்டிலேயே ஓர் அறையில், கதவு முழுக்கச் சாத்தாமல், ஒன்று முதல் மூன்று முறை. பெற்றோர் பக்கத்து அறையில். லித்துவேனிய மரபுக்காரர்கள் வெளியே, ஹோட்டல் வரவேற்புக்கூடம் போன்ற பொது இடங்களில் பல முறை சந்திப்பார்கள். மணமாகாத இருவர் தனித்திருக்கத் தடை இருப்பதால் இடத் தேர்வு இப்படி. ஒப்புக்கொண்டால் லெஹயிம், சிறு விருந்து, அப்புறம் நிச்சயம்.

சில இடறல்கள் விசித்திரமாக இருக்கும். 1217-இல் இறந்த யெஹூதா ஹெஹாசித் தம் உயிலில், மாமியாரும் மருமகளும் ஒரே பெயராக இருக்கும் சம்பந்தம் வேண்டாம் என்றார். இன்றும் பல வீடுகளில் பெயர் ஒன்றானால் பேச்சு நின்றுவிடும், அல்லது மணப்பெண்ணுக்குக் கூடுதலாக ஒரு பெயர் சூட்டுவார்கள். பிராகாவின் எஸகியேல் லாண்டாவ் (1713–1793) அது அவருடைய சந்ததிக்கு மட்டுமான உயில் என்று தளர்த்திப் பார்த்தார்.

‘பஷெர்ட்’ நம்பிக்கைக்கு நேர் எதிரே நிற்கும் ஏற்பாடு தோர் யெஷோரிம் என்ற மரபணுப் பரிசோதனை. நான்கு குழந்தைகளை டே-சாக்ஸ் என்ற கொடிய மரபணு நோய்க்குப் பறிகொடுத்த ரப்பி யோசெஃப் எக்ஸ்டைன் 1983-இல் தொடங்கியது. அஷ்கெனாசியரில் ஏறக்குறைய 30 பேரில் ஒருவர் இந்த மரபணுவைச் சுமப்பவர். இருவரும் சுமப்பவர்களாக அமைய 900-இல் ஒரு வாய்ப்பு. அப்படி அமைந்தால் ஒவ்வொரு கருவுக்கும் 25 விழுக்காடு ஆபத்து. பள்ளி வயதிலேயே இரத்தம் எடுத்துப் பெயர் இல்லாமல் ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். முடிவு யாருக்கும் சொல்லப்படாது. வரன் பேச்சு வந்ததும் இரண்டு எண்களையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் ‘பொருந்தும்’ அல்லது ‘வேண்டாம்’ என்று மட்டும் பதில். ஒருவர் மட்டும் சுமப்பவர் என்றால் ‘பொருந்தும்’ என்றே வரும், அதனால் அவருக்கே தெரியாது, ஊருக்கும் தெரியாது, பெண்ணுக்கோ தங்கைக்கோ பேர் கெடாது. இதில் தவறு நேர்வது ஒரே இடத்தில்தான்: நாலைந்து முறை பார்த்துப் பழகி மனம் ஒட்டிய பிறகு எண்ணைச் சரிபார்ப்பது. முதல் சந்திப்புக்கு முன்பே அழைத்துவிடுங்கள் என்று தரகர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதற்காக.

‘பஷெர்ட்’ என்ற சொல் இத்தனைக்கும் பிறகுதான் வாய்க்கு வரும். கூடி வந்தால் ‘பஷெர்ட்’, முறிந்தால் ‘பஷெர்ட் இல்லை’. முடிவெடுக்கும் நேரத்தில் அதைக் கொண்டுவந்தால் இரண்டு வகையில் கெடும். இன்னும் யாரோ வானத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று நல்ல வரன்களை வரிசையாகத் தள்ளுவது ஒன்று. முதல் வாரச் சிலிர்ப்பையே குரல் என்று எண்ணி விசாரணையைக் கைவிடுவது மற்றொன்று. நிச்சயம் முறிந்தால், காரணம் எதுவானாலும், இரு தரப்பும் ஒருவரையொருவர் மன்னித்ததாக எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்த மனத்தாங்கல் அடுத்த வரனைத் தடுக்கும் என்ற அச்சம்.

பரிகாரங்களும் உண்டு: ஸஃபேத்துக்கு வடக்கே ஆமூக்காவில் யோனத்தான் பென் உஸியேலின் கல்லறை, எருசலேம் மேற்குச் சுவரில் 40 நாள் பிரார்த்தனை. கூட்டம் அதிகம், பழைய ஆதாரம் குறைவு. கட்டுரையில் ஒரு வரி போதும்.

மறைவாசி:

தராசுமுள்ளுக்கு ஒரு சிறு திருத்தம். குரலுக்குச் சட்ட மதிப்பே இல்லை என்று அடித்துச் சொல்லமுடியாது. எருவீன் 13ஆ-வில் ஹில்லேல் பள்ளியா, ஷம்மாய் பள்ளியா என்ற தகராறில் குரல் சொன்னபடிதான் ஹில்லேல் பக்கம் போனார்கள். இரண்டையும் எப்படி ஒத்துக்கொள்வது என்று பின்வந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். திருமணத்துக்கு அதைப் பயன்படுத்தவில்லை என்பது சரி.

அதற்குக் கச்சிதமான சான்று சன்ஹெத்ரின் 107அ. பத்சேபாள் படைப்பின் ஆறு நாள் முதலே தாவீதுக்கென்று இருந்தவள், ஆனால் அவன் அவளைப் பழுக்குமுன் காயாகத் தின்றுவிட்டான் என்கிறது. அவளே அவனுக்குரியவள் என்று ஒப்புக்கொண்ட பிறகும் 2 சாமுவேல் 11-இன் குற்றம் குற்றமாகவே நிற்கிறது.

யிட்டிஷ் பேச்சில் ‘பஷெர்ட்’ கல்யாணத்தோடு நிற்பதில்லை. நோய், இழப்பு, சாவு, லாபம் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். துணையைக் குறிக்கும்போது ஆணுக்கு பஷெர்டெர், பெண்ணுக்கு பஷெர்டெ. பழைய கதையில் பஷெர்ட் என்று வந்த இடமெல்லாம் ‘காதல் துணை’ என்று எழுதிவிடாதீர்கள்.

நூலேணி:

கடைசியாக ஒன்று. யிட்டிஷ் எழுத்தாளர் அன்-ஸ்கியின் ‘திப்புக்’ (உடலில் புகும் இறந்தவரின் ஆவி) நாடகத்தை பஷெர்ட்டுக்கு எடுத்துக்காட்டாக வைக்கலாமா? பல கட்டுரைகள் அப்படித்தான் செய்கின்றன.

தராசுமுள்:

வைக்கலாம், ஆனால் எதற்கு எடுத்துக்காட்டு என்று பார்த்து வையுங்கள். அன்-ஸ்கி 1912–14-இல் வோலினியா, பொதோலியா பகுதிகளில் நாட்டார் வழக்குகள் திரட்டிய பயணத்தின் விளைச்சல் அது; 1920 டிசம்பர் 9-இல் வார்சாவில் வில்னா நாடகக் குழு யிட்டிஷில் அரங்கேற்றியது, அவர் இறந்து ஒரு மாதத்தில். அதில் லேயாவையும் ஹோனெனையும் பிணைப்பது வானத்துக் குரல் அல்ல. பிள்ளைகள் பிறக்குமுன் இரண்டு தகப்பன்மார் கையடித்துக் கொடுத்த வாக்கு. பெண்ணின் தகப்பன் செந்தெர் பணக்கார வரன் தேடி அதை மறந்துவிடுகிறான்.

ஹோனெனின் இறந்த தகப்பன் ரப்பிமன்றத்தில் வழக்காட வரும் காட்சியைக் கவனமாகப் படியுங்கள். தீர்ப்பு சட்டப்புத்தகப்படியே வருகிறது: இன்னும் உலகில் வராத ஒன்றைப் பற்றிய ஒப்பந்தம் தோராவின்படி கட்டுப்படுத்தாது, வாக்குக் கொடுத்தபோது மனைவியர் கருவுற்றிருந்தார்களா என்பதே தெரியவில்லை, ஆகவே அது செல்லும் என்று சொல்லமுடியாது. ஆனாலும் மேலே அந்த வாக்கு ஏற்கப்பட்டுவிட்டதால், செந்தெர் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும், ஆண்டுதோறும் நண்பனுக்கும் அவன் மகனுக்கும் விளக்கேற்றிக் கத்தீஷ் (இறந்தோருக்காகச் சொல்லும் பிரார்த்தனை) சொல்லவேண்டும். செத்தவன் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு ‘ஆமேன்’ சொல்லவில்லை என்பதையும் அங்கிருப்பவர்கள் கவனிக்கிறார்கள். கட்டுரையில் மேற்கோள் காட்டுவதானால் காதல் காட்சிகளை விட்டுவிட்டு இந்த வழக்கை எடுங்கள்.